கால் பங்கு மருந்து

வட்டம் வரைவதில் நம் நண்பருக்கு இணை கிடையாது. காம்பஸைத் தொடாமல் கரும்பலகையில் ஒரே வீச்சில் வரைந்து, மையப் புள்ளியையும் பிசகாமல் வைத்துவிடுவார். இருபது ஆண்டுகளாக நம் பள்ளியில் கணிதம் போதித்து வருகிறவர். 2025-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் ஒரு நாள் காலை, ஒன்பதாம் வகுப்பில் அவர் வரைந்த வட்டம் பாதியிலேயே கோணிக்கொண்டு போயிற்று. சாக்குக் கட்டி கையிலிருந்து நழுவியது. சட்டை முழுவதும் வியர்வை. வாய் ஏதோ பேசியது. என்ன பேசுகிறார் என்று ஒருவருக்கும் விளங்கவில்லை.

அடுத்த அறையில் இலக்கணம் நடத்திக் கொண்டிருந்த நாம் ஓடிப்போய்ப் பார்த்தபோது, காசிமேட்டிலிருந்து வரும் ஒரு மாணவி எல்லாரையும் விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். "ஸாருக்குச் சர்க்கரை இறங்கிப் போச்சு. எங்க அப்பாவுக்கும் இப்படித்தான் வரும்" என்று சொல்லி, ஆசிரியர் அறையிலிருந்து சர்க்கரையை வரவழைத்துத் தண்ணீரில் கரைத்து, நினைவு தப்புமுன் அவரைக் குடிக்க வைத்தாள். கால் மணி நேரத்தில் நண்பர் ஒருவாறு தெளிந்தார். அந்தச் சிறுமி இல்லாதிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நினைத்துப் பார்க்கவும் மனம் கூசுகிறது.

ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் சென்ற பிறகுதான் இரகசியம் வெளிப்பட்டது. உடல் இளைப்பதற்கென்று வாரம் ஒரு முறை போட்டுக்கொள்ளும் ஊசியை நண்பர் ஆறு வாரமாகப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறார். அதைச் சீட்டில்லாமல் யாரோ ஒருவர் மூலமாக வாங்கியிருக்கிறார். முதல் இரண்டு வாரத்தில் எடை அதிகம் குறையவில்லை என்று தாமாகவே அளவை இரட்டிப்பாக்கியிருக்கிறார். பசி அடங்கிவிட்டது, காலை ஆகாரம் நின்றுவிட்டது, சில நாள் வாந்தியும் எடுத்திருக்கிறார். ஆனால் நீரிழிவுக்காக ஆறு ஆண்டுகளாகச் சாப்பிட்டு வந்த கிளிமிபிரைடு மாத்திரையை மட்டும் ஒரு நாளும் தவறவிடவில்லை. ஆகாரம் இல்லாத வயிற்றில் சர்க்கரையை இறக்கும் மாத்திரை; அதன்மேல் ஊசியும் சேர்ந்தது. மனிதர் கரும்பலகை அருகிலேயே சாய்ந்துவிட்டார்.

டாக்டரம்மாள் கோபித்துக்கொள்ளவில்லை. நிதானமாக நான்கு கேள்விகள் கேட்டார்.

"உங்கள் உடம்பைப் பற்றிய விவரங்களை யாரிடமாவது முழுவதும் சொன்னீர்களா? இதை எழுதிக் கொடுத்த டாக்டர் யார்? எங்கே வாங்கினீர்கள்? வீட்டில் யாருக்குத் தெரியும்?"

நான்குக்கும் நண்பர் தலையைக் குனிந்துகொண்டார்.

தமிழாசிரியராகிய நமக்கு அந்த நான்கு கேள்விகளையும் கேட்டவுடன் வள்ளுவர் நினைவு வந்தது. திருக்குறளில் 95-ஆவது அதிகாரம் 'மருந்து'. அதன் கடைசிக் குறளில், நோயாளி, வைத்தியர், மருந்து, உடனிருந்து கவனிப்பவர் ஆகிய நான்கும் சேர்ந்தால்தான் வைத்தியம் என்று பொய்யாமொழியார் வகுத்திருக்கிறார். நம் நண்பர் வாங்கி வந்தது அந்த நான்கில் ஒன்று மட்டுமே. முழு வைத்தியம் என்று நம்பிக் கால் பங்கைக் குத்திக்கொண்டார்.

இப்படிச் செய்தவர் அவர் ஒருவர்தானா? இராயபுரத்திலிருந்து எண்ணூர் வரையிலுள்ள இந்த வட்டாரத்தில், ஒரு காலத்தில் உடல் பெருக்க யாருக்கு அவகாசம் இருந்தது? துறைமுகத்தில் மூட்டை சுமந்தார்கள். கடலில் வலை இழுத்தார்கள். ஆலைகளில் நின்றபடியே வேலை செய்தார்கள். 1983-ல் சென்னைத் துறைமுகத்தில் கன்டெய்னர் முனையம் ஏற்பட்டது. தோள் சுமந்ததை இரும்புப் பெட்டியும் கிரேனும் சுமக்கத் தொடங்கின. பெட்டி ஏற்றிய லாரியின் ஓட்டுநர் துறைமுக வாசலில் வரிசையில் மணிக்கணக்காக உட்கார்ந்திருக்கிறார். பசித்தால் பரோட்டா கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. உழைப்பு மாறியது, உணவு அதற்கேற்ப மாறவில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்ஸிலின் ஆதரவில் நடந்து 2023-ல் வெளியான பெரும் ஆய்வு, நம் நாட்டில் 10 கோடிக்கு மேற்பட்டவர்களுக்கு நீரிழிவு இருப்பதாகக் கணக்கிட்டது. ஆகவே, இளைக்க வேண்டும் என்ற ஆசையைப் பகட்டு என்று தள்ளிவிடுவதற்கில்லை. பலருக்கு அது உயிர்ப் பிரச்சனை.

இந்த ஊசி என்ன செய்கிறது?

உணவு குடலுக்குள் இறங்கியதும், குடல் ஜி.எல்.பி.-1 என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. அது கணையத்தை இன்சுலின் சுரக்கத் தூண்டுகிறது. இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்துகிறது. மூளைக்குப் 'போதும்' என்று செய்தி அனுப்புகிறது. ஆனால் சில நிமிஷங்களிலேயே அது அழிந்து போகும். 1992-ல் அமெரிக்காவில் ஜான் எங் என்னும் டாக்டர், கிலா என்ற பாலைவனப் பல்லியின் விஷத்தில், இந்த ஹார்மோனை ஒத்ததும் நெடுநேரம் நிலைத்து நிற்பதுமான ஒரு பொருளைக் கண்டார். அதன் வழியில் பிறந்த முதல் மருந்து 2005-ல் நீரிழிவுக்காக வந்தது. வாரம் ஒரு முறை போட்டுக்கொள்ளும் செமக்ளூடைடும் டிர்செபடைடும் பின்னர் வந்தவை.

அவற்றின் பலன் கட்டுக்கதை அன்று. 2021-ல் வெளியான ஆராய்ச்சியில், செமக்ளூடைடு போட்டுக்கொண்டவர்கள் 68 வாரங்களில் சராசரியாக உடல் எடையில் சுமார் 15 சதவீதம் இழந்தார்கள். 2022-ல் வெளியான மற்றோர் ஆராய்ச்சியில், டிர்செபடைடு உச்ச அளவில் 72 வாரங்களில் ஏறக்குறைய 21 சதவீதம் குறைத்தது. அந்த ஆராய்ச்சிகளில் மருந்தோடு உணவுக் கட்டுப்பாடும் தேகாப்பியாசமும் போதிக்கப்பட்டன என்பதை விளம்பரக்காரர்கள் சொல்வதில்லை. நாம் சொல்லி வைக்கிறோம்.

இந்தியாவில் டிர்செபடைடு 2025 மார்ச்சில் மௌஞ்சாரோ என்ற பெயரிலும், செமக்ளூடைடு எடைக் குறைப்புக்கென்று அவ்வாண்டு ஜூனில் வெகோவி என்ற பெயரிலும் விற்பனைக்கு வந்தன. 2026 மார்ச்சில் செமக்ளூடைடின் மூலக் காப்புரிமை நம் நாட்டில் முடிந்து, உள்நாட்டுக் கம்பெனிகளும் அதைத் தயாரிக்க வழி திறந்தது. விலை இறங்குவது நல்லதே. ஆனால் மருந்து மலிந்தால் அஜாக்கிரதையும் மலியும் என்பதுதான் நம் கவலை.

இளைக்கும் மருந்தின் பழைய சரித்திரம் அந்தக் கவலையை அதிகப்படுத்துகிறது. முதல் உலக யுத்தத்தின்போது பிரான்ஸ் தேசத்து வெடிமருந்துத் தொழிற்சாலைகளில், டைநைட்ரோபீனால் என்ற மஞ்சள் இரசாயனத்தோடு புழங்கிய தொழிலாளர்கள் இளைத்தார்கள். உடல் கொதித்துச் சிலர் இறந்தும் போனார்கள். 1933-ல் கலிபோர்னியாவின் ஸ்டான்போர்டு சர்வகலாசாலை டாக்டர்கள் அதையே இளைக்கும் மருந்தாகப் பரீட்சித்தார்கள். அவர்கள் எச்சரித்தும் கேளாமல், அது கடைகளில் தாராளமாக விற்றது. கண்புரையும் மரணங்களும் வரிசையாக வந்தன. 1938-ல் அமெரிக்கா புதிய மருந்துச் சட்டம் இயற்றிய பிறகே அது சந்தையை விட்டு அகன்றது. நம் காலத்திலும் சிபுட்ரமின் என்ற மாத்திரை இதயத்துக்குத் தீங்கு செய்வது தெரிந்து, 2010-ல் அமெரிக்காவில் விலக்கப்பட்டு, 2011-ல் இந்தியாவில் தடை செய்யப்பட்டது. 2026 ஜனவரியில் மதுரையில் ஒரு கல்லூரி மாணவி, இணையத்தில் கண்ட யோசனையை நம்பி எடை குறைய வெங்காரத்தைச் சாப்பிட்டு உயிரிழந்த செய்தியைப் படித்து நெஞ்சு பதறாதவர் யார்?

இனி அந்த நான்கு பங்குகளையும் ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதற் பங்கு: நோயாளி

இது யாருக்கான மருந்து? எடையைக் கிலோவில் எழுதி, உயரத்தை மீட்டரில் எழுதி, உயரத்தின் வர்க்கத்தால் எடையை வகுத்தால் உடல் நிறை எண் கிடைக்கும். நம் நண்பருக்கு 94 கிலோ, உயரம் 1.68 மீட்டர், ஆகவே எண் ஏறக்குறைய 33. இந்தியர்களுக்கு 23-க்கு மேல் போனாலே அதிக எடை என்றும், 25-லிருந்து பருமன் என்றும் டாக்டர்கள் கொள்கிறார்கள். ஆனால் எடைக் குறைப்புக்காக இந்த ஊசிகள் பொதுவாக 30-ம் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கே. 27-க்கு மேலிருந்து, நீரிழிவு, இரத்தக் கொதிப்பு போன்ற வியாதி ஏதேனும் கூட இருந்தால் அவர்களுக்கும் தரப்படும். கல்யாணத்துக்குள் மூன்று கிலோ குறைய வேண்டும் என்பவருக்கு இதில் வேலை இல்லை.

நோயாளியின் பெரிய கடமை, ஒன்றையும் மறைக்காமல் சொல்வது. குடும்பத்தில் யாருக்கேனும் மெடுல்லரி வகைத் தைராய்டுப் புற்றுநோய் வந்திருந்தால் இந்த மருந்தை நெருங்கலாகாது. முன்பு கணைய அழற்சி வந்திருந்தாலும், பித்தப்பையில் கல் இருந்தாலும், நீரிழிவினால் கண் விழித்திரை பழுதுபட்டிருந்தாலும் முன்னதாகவே சொல்லியாக வேண்டும். கர்ப்பிணிகள் போட்டுக்கொள்ளக் கூடாது. குழந்தைக்கு ஆசைப்படுகிறவர்கள் செமக்ளூடைடைக் குறைந்தது இரண்டு மாதம் முன்பே நிறுத்த வேண்டும். கருத்தடை மாத்திரை சாப்பிடும் பெண்கள் டிர்செபடைடு தொடங்கினால், அந்த மாத்திரையின் வேகம் குறையக்கூடும். ஊசி தொடங்கிய நான்கு வாரமும், அளவு உயரும் ஒவ்வொரு முறை நான்கு வாரமும் வேறு பாதுகாப்பு வேண்டும். கூச்சத்தினால் இதைக் கேளாமல் விடுவது பெருந்தவறு.

இரண்டாம் பங்கு: வைத்தியர்

வைத்தியருக்காக நம் வட்டாரத்தார் வெகுதூரம் அலைய வேண்டியதில்லை. நீரிழிவுக்கென்றே ஓர் ஆஸ்பத்திரியைப் பேராசிரியர் எம். விசுவநாதன் 1954-ல் நிறுவியது இந்த இராயபுரத்தில்தான். அரசாங்கத்தின் ஸ்டான்லி ஆஸ்பத்திரியும் பக்கத்திலேயே இருக்கிறது. அப்படியிருக்க, சீட்டில்லாமல் மருந்து வாங்குவானேன்?

"சீட்டு என்பது கடைக்காரருக்குக் காட்டும் அனுமதிக் காகிதந்தானே?" என்று சிலர் எண்ணுகிறார்கள். அந்தக் காகிதத்துக்குப் பின்னால் நடக்கும் காரியத்தைப் பாருங்கள். டாக்டர் முதலில் இரத்தத்தைப் பரிசோதிக்கிறார். இன்சுலினோ, கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ சாப்பிடுகிறவருக்கு அதன் அளவைக் குறைத்துவிட்டே ஊசியைத் தொடங்குகிறார். இந்த ஒரு காரியம் நடந்திருந்தால் நம் நண்பரின் வட்டம் கோணியிராது.

அடுத்து, அளவைப் படிப்படியாக ஏற்றுகிறார். வெகோவி வாரத்துக்கு 0.25 மில்லிகிராமில் தொடங்கி, நாலு நாலு வாரமாக ஏறி, 2.4 மில்லிகிராமைத் தொட 16 வாரங்கள் ஆகின்றன. டிர்செபடைடு 2.5 மில்லிகிராமில் தொடங்குகிறது. நான்கு வாரம் கழியாமல் அடுத்த படிக்குப் போகலாகாது. முதற் படியின் நோக்கம் எடையைக் குறைப்பதன்று, வயிற்றைப் பழக்குவதே. இரண்டே வாரத்தில் எடை குறையவில்லை என்று அளவைக் கூட்டுகிறவர், ஏணியின் முதற்படியில் நின்றுகொண்டு மாடி தெரியவில்லையே என்று குதிக்கிறவரை ஒப்பார். ஊசி இரண்டு வாரத்துக்கு மேல் விட்டுப் போனாலும், டாக்டரைக் கேளாமல் விட்ட இடத்திலிருந்து தொடரக் கூடாது.

மூன்றாம் பங்கு: மருந்து

மருந்து மெய்யானதாக இருக்க வேண்டும். 2024 ஜூனில் உலக சுகாதார ஸ்தாபனம், பிரேஸில், பிரிட்டன், அமெரிக்கா ஆகிய நாடுகளில் போலி செமக்ளூடைடு அகப்பட்டதைக் கூறி உலகம் முழுவதையும் எச்சரித்தது. லைசென்ஸ் பெற்ற மருந்துக் கடையில், சீட்டைக் காட்டி, ரசீது கேட்டு வாங்குங்கள். பெட்டியில் தொகுதி எண்ணும் காலாவதித் தேதியும் இருக்கின்றனவா என்று பாருங்கள். முகம் தெரியாதவர் மலிவாகக் கொண்டுவந்து தருவதை வாங்காதீர்கள்.

மருந்து குளிர்ச்சியை நாடும் வஸ்து. பிரிக்காத பெட்டியை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும். உறைந்துவிட்டால் எறிந்துவிட வேண்டியதுதான். ஆகவே ஐஸ் கட்டும் அறையில் வைக்கலாகாது. 30 டிகிரிக்கு மேற்படாத வெளி உஷ்ணத்தில் வெகோவி 28 நாள் வரையிலும், மௌஞ்சாரோ 21 நாள் வரையிலும் தாங்கும் என்று அவற்றின் குறிப்புகள் சொல்லுகின்றன. ஆனால் நம் சித்திரை மாத வெயிலில் தகரக் கூரை வீட்டின் உள்ளே 30 டிகிரி ஏது? மின்சாரம் நெடுநேரம் தடைப்படும் நாளில் பெட்டியை எங்கே வைப்பது என்பதை முன்கூட்டியே யோசித்து வைப்பது நலம்.

ஒருவருடைய பேனா ஊசியை, முனையை மாற்றிக்கூட, இன்னொருவர் போட்டுக்கொள்ளக் கூடாது. வயிறு, தொடை, மேற்கை ஆகிய இடங்களில் வாரந்தோறும் இடம் மாற்றிக் குத்திக்கொள்ள வேண்டும். பயன்படுத்திய முனையைக் கெட்டியான பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு மூடி வையுங்கள். குப்பை அள்ளும் தொழிலாளியின் கையும் நம் கையைப் போன்றதே.

நான்காம் பங்கு: உடனிருப்பவர்

நண்பர் ஊசி போட்டுக்கொண்டது அவர் மனைவிக்குத் தெரியாது. காலை ஆகாரம் வேண்டாம் என்றபோது, விரதம் என்று நினைத்துக்கொண்டாராம்! வீட்டாருக்குத் தெரிந்திருந்தால் அவர்கள் செய்யக்கூடியவை அநேகம்.

பசி குன்றியிருக்கும்போது உண்ணும் சிறிதளவும் சத்துள்ளதாக இருக்க வேண்டும். எடை குறையும்போது கொழுப்போடு தசையும் கரைகிறது. அதைத் தடுக்கப் புரதம் வேண்டும். காசிமேட்டு நெத்திலியும் சங்கராவும் நம் வாசலுக்கே கூடையில் வருகின்றன. சைவர்களுக்குச் சுண்டலும் பயறும் தயிரும் இருக்கின்றன. தட்டில் அவை முதலில் வரட்டும், சோறு பின்னால் வரட்டும். எண்ணெய்ப் பலகாரமும் வயிறு முட்ட உண்பதும் குமட்டலை வளர்க்கும். மெதுவாக உண்டு, போதும் என்று தோன்றியவுடன் எழுந்துவிட வேண்டும். வாந்தி, பேதி கண்டால் தண்ணீரும் மோரும் அடிக்கடி கொடுக்க வேண்டும். உடலில் நீர் வற்றினால் சிறுநீரகம் பழுதாகும். நடையோடு, தசைக்கு வலுவூட்டும் அப்பியாசமும் அவசியம்.

உடனிருப்பவர் கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க வேண்டிய அடையாளங்கள் சில உண்டு. முதுகு வரை பரவும் கடுமையான வயிற்று வலி கணைய அழற்சியாக இருக்கலாம். வலப்பக்க மேல் வயிற்று வலியோடு காய்ச்சலோ மஞ்சள் காமாலையோ கண்டால் பித்தப்பையைச் சந்தேகிக்க வேண்டும். நிற்காத வாந்தி, சிறுநீர் குறைதல், திடீரென்று பார்வை மங்குதல், கழுத்தில் கட்டி ஆகியவற்றில் எது கண்டாலும் தாமதமின்றி ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். வியர்வையும் நடுக்கமும் குழப்பமும் கண்டால், நினைவு இருக்கும்போதே சர்க்கரைத் தண்ணீர் கொடுக்க வேண்டும். நினைவு தப்பியவர் வாயில் ஒன்றும் ஊற்றலாகாது. அறுவைச் சிகிச்சைக்கு மயக்க மருந்து தருவதற்கு முன், இந்த ஊசி போடுவதைச் சொல்லிவிட வேண்டும். இரைப்பை மெதுவாகக் காலியாவதால், பட்டினி கிடந்தும் வயிற்றில் உணவு தங்கியிருக்கக்கூடும்.

இன்னும் ஒன்று சொல்லாவிட்டால் நாம் கடமை தவறியவராவோம். ஊசியை நிறுத்தினால் பசி திரும்பி வரும். செமக்ளூடைடு ஆராய்ச்சியில், மருந்தை நிறுத்தி ஓராண்டு கழிந்தபோது, குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவிட்டது. ஆதலால் இதை ஒரு மாதத்து விஷயமாக எண்ணித் தொடங்க வேண்டாம். எத்தனை காலம், மாதம் எத்தனை ரூபாய், நிறுத்தும்போது எப்படி என்பதையெல்லாம் முதல் நாளே டாக்டரிடம் கேட்டு, குடும்பக் கணக்கில் எழுதிப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். எட்டாத செலவு என்றால், உணவும் நடையும் பழைய மாத்திரைகளும் இருக்கவே இருக்கின்றன. அதில் அவமானம் ஒன்றுமில்லை.

நம் நண்பரின் கதையை முடித்துவிடுகிறோம். டாக்டரம்மாள் உடனே ஊசியை நிறுத்தினார். பரிசோதனைகள் செய்து, பழைய மாத்திரையை விலக்கி வேறொன்று எழுதி, இரண்டு மாதம் கழித்து மிகக் குறைந்த அளவில் மறுபடி தொடங்கினார். இப்போது ஞாயிற்றுக்கிழமை காலையில் நண்பரின் மனைவியே நாளேட்டில் குறித்துவிட்டு ஊசியை எடுத்துக் கொடுக்கிறார். ஆறு மாதத்தில் 9 கிலோ குறைந்திருக்கிறது. மாலையில் இருவரும் திருவொற்றியூர்க் கடலோரமாக நடந்து போவதை நாம் பார்க்கிறோம். சர்க்கரை கரைத்துக் கொடுத்த மாணவியை டாக்டருக்குப் படிக்க வைக்க வேண்டும் என்று நண்பர் அவள் தந்தையிடம் போய்ச் சொல்லிவிட்டு வந்திருக்கிறார்.

வள்ளுவர் சொன்ன நான்கு பங்கைப் பற்றி ஒரு நாள் அவரிடம் பேசிக்கொண்டிருந்தோம். கணக்கு வாத்தியார் அல்லவா? சாக்குக் கட்டியை எடுத்துப் பலகையில் ஒரு கோடு இழுத்தார்.

"கால் பங்கோடு நிறுத்தினால் வட்டம் ஆகாது, ஸார், வில்லாகத்தான் நிற்கும்" என்றார். பிறகு, கையை எடுக்காமல், மிச்சமுள்ள முக்கால் பங்கையும் வரைந்து முடித்தார்.